ஒரே வருடத்தில் மதிப்புரையும் சிறுகதையும்: பாறசாலையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேட்டிருப்பவர் கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையில் இருக்கிறார், திருவனந்தபுரத்தில் கணக்கு எழுதும் வேலை. இதுவரை மூன்று சிறுகதைகள் வெளியாகியிருக்கின்றன. இப்போது ஒரு இணைய இதழ், மாதம் ஒரு புதிய நாவலுக்கோ தொகுப்புக்கோ மதிப்புரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறது. ஒரு வருடம் அப்படி எழுதினால் கதை எழுதும் கை கெட்டுப்போகுமா என்பது அவருடைய கேள்வி. கூடவே, நம் பக்கத்துப் பேச்சில் கதை எழுதினால் சென்னையில் இருக்கும் இதழ்கள் போடுமா, மதிப்புரையைப் புனைபெயரில் எழுதலாமா என்று இரண்டு துணைக்கேள்விகள். எனக்கென்னவோ கேள்வியின் மையம் அந்தப் புனைபெயரில் இருப்பதாகத் தோன்றுகிறது. இன்று யாருடைய புத்தகத்தைக் குறை சொல்கிறோமோ, நாளை அவரிடமோ அவருடைய நண்பரிடமோதான் நம் கதையை அனுப்ப வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான் கை கெட்டுப்போகுமா என்ற கேள்வியாக வந்திருக்கிறது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். சிற்றிதழ்களிலும் பிறகு இணைய இதழ்களிலும் பல வருடங்களாகக் கதையும் மதிப்புரையும் எழுதி வருகிறேன், கொஞ்ச காலம் ஒரு இதழுக்கு வரும் கதைகளைப் படித்துச் சொல்லும் வேலையும் பார்த்தேன். பெரிய வார இதழ்களில் நான் எழுதியதில்லை. அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால் அங்கே எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். இரண்டையும் சேர்த்துச் செய்வதால் கதை கெடாது. தமிழில் நவீன விமர்சனத்தைப் பெருமளவுக்குக் கதை எழுதியவர்கள்தான் உருவாக்கினார்கள். சி.சு. செல்லப்பா 1959 இல் 'எழுத்து' இதழை விமர்சனத்துக்கென்றே தொடங்கியபோது அவர் ஏற்கெனவே 1930களின் 'மணிக்கொடி' இதழ்க் காலத்துச் சிறுகதைக்காரர். க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) நாவல் எழுதிக்கொண்டே நல்ல நூல்களின் பட்டியல்களும் போட்டார். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, விமர்சனம் எல்லாம் எழுதி, 1988 இல் 'காலச்சுவடு' இதழையும் தொடங்கினார். இவர்களில் யாருடைய புனைவையாவது விமர்சனம் உலர வைத்தது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் எந்த விதமான விமர்சனம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. க.நா.சு.வும் செல்லப்பாவும் இதைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். க.நா.சு.வுக்கு ரசனை போதும். தேர்ந்த வாசகன் இது நன்று, இது இல்லை என்று சொன்னால் அவனை நம்பிப் படிக்கலாம். செல்லப்பா அதை ஏற்கவில்லை. கதையைப் பிரித்துப் போட்டு, எந்த இடத்தில் எது எப்படி வேலை செய்கிறது என்று அலசிக் காட்ட வேண்டும் என்றார். வாசிக்கச் சுவையாக இருப்பது க.நா.சு. வழி. நீங்கள் கதை எழுதுகிறவர் என்பதால், இந்த ஒரு வருடத்துக்காவது செல்லப்பா வழியில் போங்கள் என்பேன். 'மனதைத் தொட்டது' என்று எழுத வந்தால் நிறுத்தி, எந்தப் பக்கத்தில் எந்த வாக்கியத்தில் தொட்டது என்று தேடிப் பாருங்கள். கதையில் யார் பார்க்கிறார், அவருக்குத் தெரியாத ஒன்றைக் கதை எங்கே கசிய விடுகிறது, முக்கியமான தகவல் எத்தனை பக்கம் தள்ளி வருகிறது, முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தால் மதிப்புரை எழுதப் பிடிக்கும் நேரம் இரட்டிப்பாகும். அந்தக் கூடுதல் நேரத்தில் நடப்பதெல்லாம் உங்கள் கதைக்கான பயிற்சி.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, அது தனியாக உட்கார்ந்து நல்ல கதைகளை மட்டும் படிக்கிறவருக்குக் கிடைக்காது. ஒரே வருடத்தில் வந்த புத்தகங்களை வரிசையாகப் படித்தால் அந்த வருடத்தின் பொதுவான கெட்ட பழக்கங்கள் கண்ணில் படும். சமீப காலத்துத் தொகுப்புகளில் நான் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். முதல் பத்தியில் சாவுச் செய்தியோடு ஒரு போன் வரும், இரண்டாம் பத்தியில் கதைசொல்லி பேருந்தில் ஏறி உட்கார்ந்து பழையதை நினைப்பான், ஊர் வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். பாத்திரங்களுக்குப் பெயர் இருக்காது, 'அவன்', 'அவள்' என்றே போகும். மூன்றாவதாக ஒரு பெண் வந்துவிட்டால் எந்த 'அவள்' என்று திரும்பிப் படிக்க வேண்டும். கதை முடியும் இடத்தில் ஒரு பறவையோ மழையோ தவறாமல் ஆஜராகும். தனியாகப் பார்த்தால் இவை எதுவும் குற்றமில்லை. நான்காவது புத்தகத்திலும் அதே பறவை வந்து உட்காரும்போதுதான் எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு உங்கள் கைப்பிரதியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

சரி, அப்படியானால் ஆபத்து எங்கே? மதிப்புரையில் நீங்கள் எழுதாமல் விழுங்கும் வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாவல் ஒன்றைப் படிக்கிறீர்கள், நடுவில் எண்பது பக்கம் தொய்ந்து கிடக்கிறது. உங்களுக்கு அது நன்றாகத் தெரிகிறது. ஆசிரியர் தெரிந்தவர், போன மாதம்தான் உங்கள் கதையைப் பாராட்டி வாட்ஸப்பில் எழுதினார். 'சற்றே நீண்டிருந்தாலும்' என்று ஒரு பாதி வாக்கியம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. மாதாமாதம் இப்படியே செய்தால், தொய்வைக் கண்டும் காணாததுபோல் போக மனம் பழகிவிடும். பிறகு உங்கள் கதையில் அதே தொய்வு வரும்போது, முன்பு உடனே உறுத்திய இடம் உறுத்தாது. எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சாதிக்கவில்லை. வெளியே புகழ்ந்துவிட்டு வீட்டில் தன் பிரதியை ஈவிரக்கமில்லாமல் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் அது சிலருக்குத்தான் கைகூடியது.

அதனால் விழுங்க வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தமிழில் புத்தகங்கள் வருடம் முழுக்கச் சீராக வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதை ஒட்டி டிசம்பரிலிருந்தே அச்சகத்தில் கூட்டம். பொங்கல் கழிந்ததும் 'புத்தகம் அனுப்பட்டுமா, முகவரி தாருங்கள்' என்று செய்திகள் வரத் தொடங்கும். அனுப்பச் சொன்னால் பாதிக் கடன் ஏறிவிட்டது. மதிப்புரை எழுதப்போகும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். மாதம் ஒன்று வேண்டாம், வருடத்துக்கு ஆறு போதும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், ஆறு புத்தகம் என்றால் பெரிய செலவு ஆகாது. நேரில் பழகியவர்களுடைய புத்தகம் வேண்டாம். எந்தப் பதிப்பகத்திடம் உங்கள் தொகுப்பைக் கொடுத்துக் காத்திருக்கிறீர்களோ, அவர்கள் வெளியிட்டதும் வேண்டாம். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன வட்டத்தில் இதை முழுசாகக் கடைப்பிடிக்க முடியாது, வாஸ்தவம். முடியாதபோது 'இவர் என் நண்பர்' என்று மதிப்புரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வாசகர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

குறை சொல்வதைப் பற்றி எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. இதை ஏற்காத நண்பர்கள் நிறைய. முதல் புத்தகம் போட்டிருக்கும் இளைஞர், நூறோ இருநூறோ பிரதி அச்சிட்டிருக்கிறார், புத்தகம் மோசம். அதைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை, நல்ல புத்தகத்துக்கே இடம் போதவில்லை. ஆனால் விருது வாங்கியவர், வாசகர்கள் பெயரைப் பார்த்தே வாங்குகிறவர், அலட்சியமாக ஒரு நாவலை எழுதிக் கொடுத்திருந்தால் அதை விடக் கூடாது. அங்கே மேற்கோள் காட்டி எழுதுங்கள். விமர்சனத்துக்காக ஒரு நூலிலிருந்து நியாயமான அளவு எடுத்துக் காட்ட 1957 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இடம் தருகிறது, அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு எங்கே சரிகிறது என்று காட்டினால், கோபப்படுகிறவர்கூட நீங்கள் படித்துவிட்டுத்தான் எழுதினீர்கள் என்பதை மறுக்க முடியாது. சிறுகதைத் தொகுப்பு என்றால் பன்னிரண்டு கதைக்கும் தலைக்கு ஒரு வரி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மாதிரி. இரண்டு கதைகளை எடுத்து முழுசாகப் பேசினால் மற்ற பத்தைப் பற்றியும் வாசகருக்குப் புரிந்துவிடும்.

இனி, பாறசாலையில் இருப்பதால் உங்களுக்கு இருக்கும் வசதி. நீங்கள் மலையாளமும் வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன், அங்கே பள்ளிக்கூடம் போனவருக்கு அது தானாக வந்திருக்கும். என் வயதுக்காரர்கள் எல்லைப்பக்கத்தில் விமர்சனம் என்றால் என்ன என்பதை மலையாள விமர்சகர் எம். கிருஷ்ணன் நாயரின் 'சாகித்ய வாரபலம்' என்ற வாரப் பத்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். 1969 இலிருந்து 2006 இல் அவர் இறக்கும்வரை, மலையாளநாடு, கலாகௌமுதி, சமகாலிக மலையாளம் என்று இதழ் மாறி மாறி அந்தப் பத்தி வந்தது. அந்தந்த வாரத்து இதழ்களில் வந்த கதைகளை எடுத்து அவர் போடும் போடு இருக்கிறதே, ரயிலில் படித்தால் பக்கத்தில் இருக்கிறவர் எட்டிப் பார்ப்பார். வாராவாரம் கதையைக் கவனிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே கதைக்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தத் தோரணையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வரியில் ஆளைச் சாய்ப்பது வாசிக்கச் சுகமானது, எழுதுகிறவருக்கு அதில் கற்க ஒன்றுமில்லை. தவிரவும் அவர் விமர்சகர், மறுநாள் யாரிடமும் தன் கதையைக் கொண்டுபோய் நீட்ட வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

உங்களால் செய்ய முடிந்ததும் சென்னைக்காரர்களில் பெரும்பாலோரால் முடியாததும் ஒன்று உண்டு: மலையாளத்திலிருந்து வரும் புனைவை மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதிப்பிடுவது. மலையாள நாவலாசிரியர் தகழியைச் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த நாளிலிருந்து இந்த வழி நம் ஜில்லாவில் ஓய்ந்ததே இல்லை. குளச்சல் யூசுஃப் இங்கேயிருந்துதான் மொழிபெயர்க்கிறார், 2018 இல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும் வாங்கினார். மலையாளத்திலிருந்து தமிழுக்குப் புத்தகங்கள் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கின்றன. ஆனால் வரும் மதிப்புரைகளில் பலவும் கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு 'சரளமான மொழிபெயர்ப்பு' என்று முடித்துவிடும். சரளம் எங்கே மூலத்தின் கரடுமுரடை மழுப்பிச் சாதித்தது என்று சொல்ல இரண்டு மொழியும் காதில் விழுகிற ஆள் வேண்டும். ஆறு புத்தகங்களில் இரண்டை இதற்கென்று ஒதுக்கினால், உங்கள் மதிப்புரையைத் தேடி வாசிக்க ஆட்கள் இருப்பார்கள். உங்கள் மொழிக்கும் அது நல்லது.

ஊர்ப்பேச்சுக்கு வருவோம். 1956 நவம்பர் 1 இல் மாநில எல்லைக் கோடு கிழித்தபோது என் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, உங்கள் பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டது. பேச்சு அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. இந்தப் பேச்சு அச்சில் ஏறுமா என்ற கவலை பழைய காலத்துக் கவலை. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964 இலேயே விளவங்கோட்டுப் பனைவிளைகளின் பேச்சை நாவலில் கொண்டுவந்துவிட்டார். தோப்பில் முகமது மீரான் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சிலேயே எழுதி, 1997 இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். எனக்குத் தெரிந்து எந்த இதழாசிரியரும் இன்று இதற்காகக் கதையைத் திருப்பி அனுப்புவதில்லை. தொல்லை மெய்ப்பு பார்க்கும் இடத்தில்தான். 'அவனுக்க வண்டி' என்று நாம் எழுதினால், அது 'அவனுடைய வண்டி' என்று நமக்குத் தெரியும். மதுரைக்கு வடக்கே இருக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைத்து 'அவனுக்கு வண்டி' என்று திருத்திவிடுவார். வண்டி வைத்திருக்கிறவன் வண்டி வாங்கப்போகிறவன் ஆகிவிடுவான். அதனால் கதையை அனுப்பும்போது, இந்த வடிவங்கள் வட்டார வழக்கு, தயவுசெய்து திருத்த வேண்டாம் என்று ஒரு சின்னப் பட்டியல் சேர்த்து அனுப்புங்கள். ஒரே சொல்லைக் கதை முழுக்க ஒரே மாதிரி எழுதுங்கள், ஓரிடத்தில் 'அம்மெ', இன்னோரிடத்தில் 'அம்ம' என்றிருந்தால் திருத்துகிறவரைக் குறை சொல்ல முடியாது. அடிக்குறிப்பு வேண்டாம். 'சக்கை' என்றால் பலா என்பது, பக்கத்தில் கத்தியும் நல்லெண்ணெயும் வந்தால் யாருக்கும் விளங்கிவிடும். கதைசொல்லியின் குரலும் வட்டார வழக்கில் இருக்க வேண்டுமா, பேச்சில் மட்டும் போதுமா என்பதில் என்னிடம் தீர்ப்பு இல்லை. இரண்டிலும் நல்ல கதைகள் இருக்கின்றன.

நேரக்கணக்கு. மாதம் ஒரு மதிப்புரை என்பது வேலைக்குப் போகிறவருக்கு அதிகம். நாவல் ஒன்றை ஒருமுறை வேகமாகவும் இன்னொரு முறை பென்சிலோடும் படித்து எழுதினால் மாதம் போய்விடும், கதை எழுத நாள் மிஞ்சாது. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பேசுங்கள். முதல் வாசிப்புக்குப் பாறசாலை ரயில் போதும். நேரமில்லை என்று நானும் புலம்பியதுண்டு, அப்புறம் நம் முன்னோர்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை, சிறுகதைக்காரர் ஆ. மாதவனுக்குத் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பாத்திரக்கடை, தோப்பில் மீரானுக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். மாதவன் அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்த தெருவையே கதையாக்கினார்.

கதைகளை அனுப்புவதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஒரு கதை, ஒரு சமயத்தில், ஒரு இதழ். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் திரும்பப் பெறுகிறேன் என்று மரியாதையாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். பல இதழ்கள் பணம் தருவதில்லை, அதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள். உரிமை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் பதிப்புரிமை கைமாறாது. அப்படிக் கொடுத்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சில போட்டி அறிவிப்புகளில் 'அனுப்பப்படும் படைப்புகளின் அனைத்து உரிமைகளும் எங்களுக்கே' என்று பொடி எழுத்தில் இருக்கும், மலையாள மொழிபெயர்ப்பு வாய்ப்பு வரும் நாளில் அந்தப் பொடி எழுத்து நினைவுக்கு வரும். தொகுப்பு போட அவசரப்படாதீர்கள். நூறு பிரதி அச்சிடுவது இன்று சுலபம், அதனாலேயே எட்டு கதை சேர்ந்ததும் புத்தகமாக்கிவிடுகிறார்கள். மதிப்புரை எழுத உட்கார்ந்தால் இப்படி வந்த தொகுப்புகளில் எந்த மூன்று கதைகளை எடுத்துவிட்டிருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியாகப் புனைபெயர். வேண்டாம். இரண்டாவது மதிப்புரையிலேயே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு நீங்கள் சொன்ன நியாயமான குறைகூட ஒளிந்துகொண்டு எறிந்த கல்லாகத்தான் பேசப்படும். சொந்தப் பெயரில் எழுத முடியாத வாக்கியம் எதுவும் அந்த மதிப்புரைக்குத் தேவைப்படாது. அந்த இணைய இதழுக்கு இன்றே பதில் எழுதுங்கள்: வருடத்துக்கு ஆறு, புத்தகத்தை நானே தேர்ந்தெடுப்பேன், இன்னின்னாருடைய நூல்களுக்கு எழுத மாட்டேன், என்னைக் கேட்காமல் வரிகளை வெட்டக் கூடாது. ஒப்புக்கொள்ளவில்லையென்றால் வேறு இதழைப் பாருங்கள். கதை அனுப்புகிறவர்கள்தான் அவர்களிடம் வரிசையில் நிற்கிறார்கள். ஒழுங்காகப் படித்து மதிப்புரை எழுதித் தருகிற ஆளை அவர்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.